வால் எந்தப் பக்கம்

திரையில் படக்கதைப் பெண் ஊசியின் வாய் இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் ஏறி நிற்கும். அந்தப் பல்லின் மேல் சிவப்பு விளக்குப் புள்ளியை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். நாற்பதைத் தாண்டிய மனிதர். அவர் போட்டிருந்த பனியனில் அதே கதையில் வரும் மதிலின் படம் இருந்தது. வயிற்றில் இழுத்துப் பிடித்ததில் படத்திலிருந்தவனின் தாடை அகன்று, அம்மைக்கட்டு வந்தவன்போல இருந்தான்.

"நல்லாப் பாருங்க. இது பயந்தவ மூஞ்சியா? சிரிக்கிறா. பெரியவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு சிரிக்கிறா."

நூலகத்தின் மாடிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எழுபது எண்பது பேர் அடைந்து கிடந்தார்கள். ஜன்னலைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வறுவல் பொட்டலத்தின் எண்ணெய் வாடை, ஈரக் காலுறை வாடை, எட்டு மணியிலிருந்து கத்திய வாய்களின் வாடை. அந்த எண்ணெய் விரல்களோடுதான் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். பக்கத்தில் என் நாத்தனார் தொப்பியைப் புருவம் வரை இறக்கி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசியை வரைபவள் அவள்தான். அவளுக்கும் அதே பல். தன் பல்லையே எடுத்து அந்தப் பெண்ணுக்கு வைத்துவிட்டாள்.

'இரண்டாம் காவல்' படிக்காத பாக்கியசாலிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊரைக் காப்பாற்றிக் காப்பாற்றி முட்டி தேய்ந்துபோன பழைய வீரர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர்கள் பெற்றதும் எடுத்து வளர்த்ததுமாகச் சேர்ந்து புது அணி உண்டாகிறது. பழைய அணியின் தலைவருக்குப் பெரியவர் என்று பெயர். அவர் பெற்ற மகன் மதில். இடிந்து விழும் சுவரை உடம்பால் தாங்குவான். அவர் எடுத்து வளர்த்த பெண் ஊசி. சாவித் துவாரத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வருவாள். பதினான்காம் இதழில் யாரோ வெளியே இருந்து கதவைப் பூட்டிவிட, பெரியவர் உள்ளே தீயில் சாகிறார். கடைசிப் பக்கத்தில் எரிந்த கதவுக்கு முன்னால் மதிலும் ஊசியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கிறார்கள். மேலே ஒரு பேச்சுக் குமிழி. 'கதவைப் பூட்டினது நான்தான்.' யார் பேசுவது என்று காட்டும் குமிழியின் வால் ஊசியின் வாயில் வந்து முடிகிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக அடித்துக்கொள்கிறார்கள்.

"சாவித் துவாரத்துல பூந்து வர்றவ எதுக்குங்க கதவைப் பூட்டணும்? அவளுக்குக் கதவே கணக்கு கிடையாதே" என்று முன்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டாள். ராத்திரி வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். அந்தக் கூடத்தில் மூளையோடு வந்த ஒரே கேள்வி அதுதான்.

"அதாங்க சாமர்த்தியம். எல்லாரும் உங்கள மாதிரியே யோசிக்கட்டும்னுதான் பூட்டியிருக்கா" என்றார் கண்ணாடிக்காரர். "பெத்த மகன் பூட்டுவானா? எடுத்து வளத்தது எப்பவுமே எடுத்து வளத்ததுதான்."

கைதட்டினார்கள். சீ, என்ன ஜென்மங்கள் என்று எனக்கு இருந்தது. கைதட்டலில் குளிர்ந்துபோய் அவர் இன்னொன்றும் சொன்னார். "வரைஞ்சவளுக்கும் இதே பல்லுதான், போட்டோ பாத்திருக்கீங்களா? தன்னத்தானே வரைஞ்சு வெச்சிருக்கா. அப்ப குணம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துக்குங்க." சிரித்தார்கள். சிரித்த வாய்களில் மென்ற வறுவல் மஞ்சளாகத் தெரிந்தது.

இப்போதெல்லாம் என் நாத்தனார் வீட்டில் சிரித்தாலும் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். ஊசியின் கழுத்தில் கயிறு மாட்டி வரைந்து அவளுக்கு அனுப்புகிறார்கள். ஒன்றல்ல, நாற்பது ஐம்பது. கை கால் கோணலாக இருந்தாலும் அந்தப் பல்லை மட்டும் மறக்காமல் வரைந்திருந்தார்கள். தான் வரைந்து முடித்த பிறகு கதாசிரியர்தான் வசனத்தை ஊசிக்கு மாற்றிவிட்டார் என்று அவள் நம்பினாள். "முதுகுல குத்திட்டான் அண்ணி. ஊசி பூட்டலைன்னு எனக்குச் சத்தியம் பண்ணிட்டு மாத்திட்டான்" என்பாள். அவரோடு பேச்சை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. "விடும்மா, வேலை வெட்டி இல்லாதவங்க" என்று வீட்டு மாடியில் அவள் மேஜையில் டீயை வைத்துவிட்டு நான் கீழே வந்துவிடுவேன்.

கீழே என் மேஜை. படங்களில் குமிழிகளைப் பொருத்தி அதற்குள் வசனத்தை ஏற்றுவது என் வேலை. அந்த வாலை வைத்தவள் நான்தான்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கடைசிப் படத்தில் மதில் இறுக்கி மூடிய கையைத் தன் வாயோரம் வைத்திருப்பான். சாவி அந்தக் கைக்குள் இருக்கிறது. அடுத்த இதழில் கை திறக்க வேண்டும், அதுதான் கதை. அந்த ஒரு கையை வரைய என் நாத்தனாருக்கு இரண்டு நாள் ஆயிற்று. நரம்பு நரம்பாக, வெந்த தோலோடு. பக்கத்தை என்னிடம் தரும்போதே, "அண்ணி, என் கை மேல மட்டும் வாலைப் போட்றாதீங்க, கும்பிடுறேன்" என்றாள். படம் வரைபவர்கள் எல்லாருக்கும் வாலைக் கண்டால் ஆகாது. குமிழியை மேலே வைத்தால் மதிலின் வாய்க்குப் போகும் வால் அந்தக் கையைக் குறுக்கே கிழித்துக்கொண்டுதான் போகும். அதனால் வளைத்து இரண்டு முகத்துக்கும் நடுவில் இறக்கினேன். கன்னங்கள் ஒட்டியிருந்தன. நுனி ஒரு நகக்கண் அளவு தள்ளி விழுந்துவிட்டது. எனக்குக் கதை தெரியும், யார் பேசுவது என்று தெரியும், அதனால் என் கண்ணுக்கு அது மதிலின் வாயாகவே பட்டது. பதிப்பாசிரியர் எழுத்துப்பிழை பார்த்தார். வால்பிழையை யார் பார்க்கிறார்கள்.

புத்தகம் வந்த மூன்றாம் நாளே கதாசிரியருக்குப் போன் செய்தேன். "அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். "நம்ம புத்தகத்தப் பத்தி இதுக்கு முன்னாடி யாராவது வாயத் திறந்திருக்காங்களா? இப்ப பாருங்க." அடுத்த வாரம் ஒரு பேட்டியில், முதல் இதழிலிருந்தே ஊசியின் துரோகத்தை விதைத்து வந்ததாகச் சொல்லியிருந்தார். படித்தபோது காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். மாடியில் இருப்பவளுக்குத் தெரிந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம். இன்று இல்லை நாளை என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்தக் கூடத்தில் யாரையும் விட என்னைப் பார்த்துத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டத்தை நடத்திய புத்தகக் கடைக்காரர் மேடைக்கு வந்தார். கதாசிரியர் அவருக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு. பதினஞ்சாவது இதழ்ல ஊசி இருக்கணுமா, போய்ச் சேரணுமான்னு நீங்க சொல்றதுதான். சாகணும்ங்கறவங்க கை தூக்கலாம்."

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒரு நிமிஷம். அந்த வசனம் ஊசியோடது இல்ல, மதிலோடது. வாலைத் தப்பா வெச்சது நான். குமிழி ஒட்டுறவ நான்தான்."

நாத்தனாரின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. முடிந்தது, இனி எவனும் அவளுக்குக் கயிறு வரைந்து அனுப்பமாட்டான் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன்.

"அப்படின்னா பதினொண்ணாவது இதழ்ல ஊசி சாவியையே மொறைச்சுப் பாக்குறாளே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது சாவி இல்லீங்க. அச்சுல விழுந்த மைப்புள்ளி."

சிரிப்பு வெடித்தது. அவர் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். விரல் போன வழியெல்லாம் எண்ணெய்க் கோடு. "கதை இருக்கு, ஓவியம் இருக்கு, அச்சு இருக்கு. உங்க பேரே காணோமே மேடம்."

"என் பேரு போடறதில்லீங்க."

"அதான பாத்தேன். எழுத்து ஒட்டுறவங்களுக்குக் கதை புரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லியே."

கதாசிரியர் மைக்கை வாங்கினார். முகத்தில் அவ்வளவு கனிவு. "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இவங்களத் தெரியும். இவங்க நாத்தனார்தான் நம்ம ஓவியர். அவங்க மேல இந்த அக்காவுக்கு உசுரு. அந்தப் பொண்ணு படுற பாட்டைப் பாக்கச் சகிக்காம பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க. யாருக்கு வரும் இந்த மனசு?"

அதற்கு எனக்குக் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்கு இல்லை, பொய் சொன்னதாக நினைத்துத் தட்டினார்கள். ஒருவர் எழுந்துகூட நின்றார். பிறகு கை தூக்கினார்கள். மஞ்சள் தூள் ஒட்டிய விரல்கள், மோதிரம் இறுகிய விரல்கள், நகம் கடித்த விரல்கள். அந்த நர்ஸ் இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளும் தூக்கினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நாத்தனார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருந்துகள் போயின. அவள் ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

"என் கை மேல வால் விழக்கூடாதுன்னு சொன்னேனே, அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"மூணு மாசம் டீ போட்டுக் குடுத்தீங்க."

மடியிலிருந்த தொப்பியின் விளிம்பை மடித்து மடித்து விரித்தாள்.

"அவன நான் என்னென்ன பேச்சு பேசியிருக்கேன். அவன் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி."

"அவனும் யோக்கியன் இல்ல."

"அது வேற" என்றாள். "தப்பு யாருக்கும் வரும். நீங்க தினம் படியேறி வந்தீங்களே, அதத்தான் என்னால முழுங்க முடியல."

அதற்குப் பிறகு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. சாப்பிட இறங்கி வருவாள், அண்ணனோடு பேசுவாள், என்னிடம் தண்ணீர் சொம்பை எடுத்துத் தரச் சொல்லக்கூடச் செய்வாள். ஆனால் அடுத்த பன்னிரண்டு நாளும் என் கையை மட்டும் பார்க்காமல் பேசினாள். கதாசிரியரின் வசனத் தாள் எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஊசி எரிந்த கதவுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுச் சாகிறாள். 'நான்தான்.'

பதின்மூன்றாம் நாள் காலை, பக்கங்கள் என் மேஜையில் இருந்தன. எப்போது வைத்துவிட்டுப் போனாள் என்று தெரியவில்லை. வழக்கமாகத் துணியில் சுற்றிக் கையில் தருவாள். ஒவ்வொன்றாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ஊசி நின்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, பல் தெரியவில்லை. பின்னால் மதில், வாயோரம் அதே மூடிய கை. முன்பு வரைந்ததைவிட நன்றாக வரைந்திருந்தாள். தோலடியில் எலும்பு தெரிந்தது, சாவியின் முனை ஒரு விரலிடுக்கில் பளபளத்தது.

குமிழியை அவள் ஒருநாளும் வரைந்ததில்லை. அது என் பாடு. இந்தப் பக்கத்தில் வரைந்திருந்தாள். அழிக்க முடியாத கறுப்பு மையில் மேலே ஒரு வெற்றுக் குமிழி, அதிலிருந்து ஒரு வால். வால் ஊசியின் வாய்க்குப் போகவில்லை. அவள் தோளைத் தாண்டி, மதிலின் அந்தக் கையைக் குறுக்கே அடித்துக்கொண்டு இறங்கி, படத்தின் கட்டத்தைக் கடந்து, தாளின் வெள்ளை ஓரத்தைக் கடந்து, அடி விளிம்பில் வந்து நின்றது.

தாளை மேஜையில் நேராக வைத்தேன். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வசனத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குமிழி காலியாக இருந்தது. வாலின் நுனி என் வயிற்றுக்கு நேராக நின்றது.