நடந்து பார்க்கிற படம்

ஓவியக்காரி மாதக்கணக்கில் மாய்ந்து மாய்ந்து தீட்டிய அந்தப் படத்தை நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, நடந்துதான் பார்க்க வேண்டும். அறைச் சுவரின் நீளத்துக்கு ஒரே கேன்வாஸ். வண்ணத்தை வரப்பு வரப்பாக நிமிர்த்திப் பூசி, ஒவ்வொரு வரப்பின் இடது பக்கத்தில் நீலம், வலது பக்கத்தில் ஆரஞ்சு. இடமிருந்து நடந்தால் கடல். திரும்பி வந்தால் தீ. நேர் எதிரே நின்றாலோ, பாத்திரம் கழுவிய தண்ணீர்.

"நடந்து பாருங்கன்னு பக்கத்துல ஒரு அட்டை வச்சிடலாமே" என்றார் கேலரிக்காரர்.

"படமே கூப்பிடணும் சார். அட்டை கூப்பிடக் கூடாது" என்றாள் அவள். அந்த வீறாப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

கண்காட்சியின் முதல் நாள் வந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் நட்டநடுவில் நின்றார்கள். படத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு பிஸ்கட் இருந்த மேசைக்குப் போனார்கள். ஓரமாய் நின்ற ஓவியக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய நாத்தனார் வேறு விடவில்லை.

"எங்க வீட்டுச் சுவர்ல ஈரம் ஊறினப்போ இதே கலர்தான் வந்துச்சு. நாங்க ஆளை வச்சு சுரண்டிட்டோம்."

மறுநாள் வந்து பார்த்தால் படம் ஹாலில் இல்லை. கழிப்பறைக்குப் போகிற குறுகலான நடையில் மாட்டியிருந்தது.

"யாரும் நின்னு பாக்கலையேம்மா, நான் என்ன பண்ண?" என்றார் கேலரிக்காரர்.

"நிக்கத்தான் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேனே!"

கழற்றி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று விறுவிறுவென நடைக்குப் போனாள். அங்கே நுழையவே இடமில்லை. இரண்டு கழிப்பறையில் ஒன்று ரிப்பேர்; கதவுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மற்றதற்கு நீண்ட வரிசை, படத்தை ஒட்டியே, ஒவ்வோர் அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. செல்போனை எடுக்கக்கூடக் கை அசைக்க முடியாத நெருக்கம். கண்ணுக்கு வேறு போக்கிடம் ஏது?

உள்ளே போய்விட்டு வெளியே வந்த தொப்பைக்காரர் ஒருவர் தம் மனைவியைப் பிடித்து நிறுத்தினார். "ஏய், போறப்போ நீலமாத்தானே இருந்துச்சு? இப்போ எரியுதே."

சந்தேகம் தீராமல் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். இந்தத் தடவை அவசரமெல்லாம் ஒன்றுமில்லை. இன்னும் சிலரும் அவர் பின்னால் சேர்ந்தார்கள்.

எட்டிப் பார்த்த கேலரிக்காரர் வாயெல்லாம் பல்லானார். "திரும்ப ஹாலுக்கே கொண்டுபோயிடலாமாம்மா?"

அவள் பதில் சொல்லும் முன்பே பிளம்பர் பையோடு வந்துவிட்டார். "எந்த ரூம்மா? வாஷர் போயிருக்கும். டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடலாம்."

ஓவியக்காரி வாளிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "கண்காட்சி முடியட்டும், அப்புறம் வாங்கண்ணே. படம் இங்கயே இருக்கட்டும் சார்."

வரிசையின் நடுவிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது. "நல்லா இருப்படி நீ. எத்தனை நேரம் நிக்கிறது?"

"நிக்காதீங்க அண்ணி" என்றாள் அவள் எரிச்சலாக. "நடங்க."