மூணு வயசுச் சட்டை

குடங்கள் மூன்றும் வாசலில் காத்திருந்தன. கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டாயிற்று. தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க வெள்ளை வேட்டியும் வந்துவிட்டது. நீர்மாலை எடுக்க வேண்டிய முருகன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் மணிக்கட்டை அவனுடைய அப்பா மதிவாணன் பிடித்திருந்தார்.

இசக்கியம்மாள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் பெட்டிக்குள் ஜவஹர் தன் பாத்திரக் கடையில் உட்கார்ந்தே தூங்கிப்போவதைப் போல இருந்தார்.

இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரை மகன் எடுத்து வர வேண்டும். மகன் இல்லாதவருக்குத் தம்பி மகன். திருநெல்வேலியிலிருந்து தி.நகருக்கு அந்த வழக்கம் அப்படியே வந்திருந்தது. எடுத்தவனே வாரிசு என்பதும் கூடவே வந்திருந்தது.

"மைனி, ஒரு வார்த்தை பேசிட்டு எடுப்போம்," என்றார் மதிவாணன்.

"பேசுங்க."

"அண்ணன் உயில் எழுதி வச்சிருக்காருல்லா. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். கடையை நான் பாத்துக்கிடணும்னு அதுல இருக்கு. பெரியவங்க முன்னால நீங்களும் ஆமான்னு சொல்லிருங்க. பையன் எடுத்துருவான்."

கூடத்தில் இருந்தவர்கள் இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மதிவாணனின் மடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள். துணி ஒரு மூலையில் கனத்துத் தொங்கியது. பையின் வாயில் புதுப் பூட்டின் வளையம் தெரிந்தது. துக்க வீட்டுக்கு வரும் வழியில் நின்று, பேரம் பேசி வாங்கியிருப்பார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜவஹர் இதைத்தான் சொன்னார். "நான் போற அன்னிக்குக் கடையைச் சாத்திராத. சாத்துனா நம்ம பூட்டு மேல அவன் பூட்டு விழும். பொறவு கோர்ட்டு, கேசுன்னு நீ அலையணும்."

"சீ, வாயைக் கழுவுங்க," என்றாள் அவள் அப்போது.

ஜவஹர் மூன்று தடவை உயில் எழுதினார். லாவண்யாவுக்கு மூன்று வயதானபோது முதல் உயில். அன்று இசக்கியம்மாளுக்குக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தனக்கு ஏதாவது ஆனால் தம்பி கடையைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை வளர்க்கட்டும் என்று எழுதினார். லாவண்யாவின் கல்யாணம் முடிந்ததும் அதை ரத்து செய்து இரண்டாவது. மாப்பிள்ளை சரியில்லாமல் அவள் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்ததும் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு இவளையும் கூட்டிப்போனார். முடிந்ததும் ஓட்டலில் ரவா தோசை. முதல் தடவை இவள் தொடவில்லை. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று அழுதாள். மூன்றாவது தடவை தோசையைத் தின்றுவிட்டு ஒரு காப்பியும் கேட்டாள்.

"பிள்ளை வளருதுல்லா, உயிலும் வளரணும்," என்று சிரித்தார் ஜவஹர். "மூணு வயசுல தச்ச சட்டையை இப்ப மாட்ட முடியுமாட்டி?"

இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கொழுந்தனாரே, நீங்க சொல்லுத உயிலு லாவண்யாவுக்கு மூணு வயசுல எழுதுனது. அன்னிக்கு நீங்க வேணும். அதனால எழுதுனாவ. அதுக்குப் பொறவு ரெண்டு எழுதியாச்சு. கடைசி உயிலுல கடை எனக்கும் எம் மகளுக்கும். ரிஜிஸ்தர் ஆனது. உங்க கையில இருக்கது மூணு வயசுச் சட்டை."

யாரோ ஒரு கிழவர் சிரிப்பை இருமலாக்கினார்.

மதிவாணனின் முகம் கறுத்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாவ."

"சரி, மக எங்க? காலையில இருந்து காணல. அப்பனுக்கு அழக்கூட ஆளில்ல."

"கடை திறக்கப் போயிருக்கா."

"இன்னிக்கா!" என்றாள் ஒரு சித்தி.

"இன்னிக்குத்தான். அவ அப்பா சொல்லிட்டுப் போன வேலை. ராத்திரி முழுக்க இவுக காலைப் பிடிச்சு அழுதுட்டுத்தான் போனா."

மதிவாணனின் கை தானாகப் பையின் மேல் போயிற்று. எல்லோரும் இப்போது அந்தப் பையைப் பார்த்தார்கள்.

இசக்கியம்மாள் எழுந்தாள். வாசலுக்குப் போய் முதல் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"ஏ யக்கா, பொம்பளை நீர்மாலை எடுக்கக் கூடாது. அதுவும் பொண்டாட்டி!" என்றாள் அந்தச் சித்தி.

"குளிப்பாட்டுத தண்ணிதான? இத்தனை மாசமா இவுகளைக் குளிப்பாட்டுனது யாரு?"

அவள் படியிறங்கினாள். பெயர் வெட்டுகிற கை அது. கடைக்கு வரும் எவர்சில்வர் பாத்திரங்களில் இருபது வருடமாக ஊரார் பெயர்களை வெட்டிய கை. குடம் ஆடவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்தாள்.

"விடுங்கப்பா!" என்ற குரல் மேலே கேட்டது. பிறகு மற்ற இரண்டு குடங்களோடும் முருகன் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது. குழாயடியில் அவள் நீர் பிடிக்கக் குடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

"பெரியம்மா, கொள்ளிச்சட்டியை நான் தூக்கட்டுமா? எனக்குக் கடையெல்லாம் வேண்டாம். பெரியப்பாதான் எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லித்தந்தாவ."

இசக்கியம்மாள் நிறைந்த குடத்தை அவன் தோளில் ஏற்றிவிட்டாள்.

"சட்டி சுடும். துண்டைச் சுத்திப் பிடி."

மத்தியானம் அமரர் ஊர்தி கிளம்பும்போது டிரைவர் ஆரோக்கியராஜ் அவளிடம் குனிந்தார். "இன்னாமா, பஜார்ல செம கூட்டமா கீது. சுத்திக்கினு நேரா கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்கே போய்டலாமா?"

"கடைத்தெரு வழியா போப்பா. மெதுவா."

சட்டியோடு முருகன் முன்னால் நடந்தான். அவள் வண்டிக்குள் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே மதிவாணன், மடியில் பை.

வண்டி தெருவுக்குள் நுழைந்தது. தொழில் செய்த தெருவில் ஒருவர் கடைசியாகப் போகும்போது அங்கே மரியாதைக்குக் கடை ஷட்டர்கள் பாதி இறங்கும். துணிக்கடை இறங்கியது. வளையல் கடை இறங்கியது. கவரிங் கடை, பேன்சி கடை, இரண்டு பக்கமும் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரகரத்து இறங்கின. பேரம் பேசிக்கொண்டிருந்த ஜனம் ஒதுங்கி நின்றது.

ஒரே ஒரு ஷட்டர் மட்டும் முழுதாக மேலே இருந்தது.

தீபாவளிக்குப் போடுவதுபோல எல்லா விளக்குகளையும் போட்டிருந்தாள் லாவண்யா. கல்லாவிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். அழுதாள். ஷட்டர் கொக்கியை அவள் கையிலிருந்து விடவில்லை.

"நிறுத்துப்பா," என்றாள் இசக்கியம்மாள்.

மதிவாணன் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

கடையில் அடுக்கி வைத்த குடங்களிலிருந்து வெளிச்சம் வண்டியின் கண்ணாடிக்குள் விழுந்து, ஜவஹரின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது.