படகு நம்பர் சொன்னவன்

சிலுவைமுத்துவுக்கு வலது தோள் பற்றி எரிந்தது. கரையேற்றிய விசைப்படகின் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியை ஆறு நாளாக இரும்பால் சுரண்டிக்கொண்டிருந்தான். பீடி பற்றவைக்கக்கூடக் கை மேலே போகவில்லை.

அந்நேரம் போன் அடித்தது.

“பேங்க்ல இருந்து பேசுறேன். உங்க மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எட்டாயிரம் அக்கவுண்ட்ல ஏறாம நிக்குது. இப்ப ஒரு ஓடிபி வரும், சொன்னீங்கன்னா ஏத்திருவேன்.”

சிலுவைமுத்து சுலபத்தில் ஏமாறுகிற ஆளில்லை.

“எவன்னு தெரியாம எதையும் சொல்ல மாட்டேன். என் படகு நம்பர் என்ன, சொல்லு.”

கடலில் இருட்டுக்குள் வாக்கிடாக்கியில் குரல் வந்தால் பாம்பன்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நம்பரைச் சரியாகச் சொன்னவன் நம்மாள். சொல்லாதவனுக்குப் பதில் கிடையாது. போனில் இருந்தவன் தடுமாறாமல் சொன்னான். சிலுவைமுத்து போனுக்கு வந்த ஓடிபியின் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தான்.

மூன்று நிமிஷத்தில் நாற்பத்திரண்டாயிரம் போய்விட்டதாக மெசேஜ் வந்தது. மகள் ஆன்சியின் நர்சிங் படிப்புக்குத் திங்கட்கிழமை கட்ட வைத்திருந்த பணம்.

திரும்பக் கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப்.

நிவாரணத்துக்கு ஊரெல்லாம் மனு வாங்கி, படகு நம்பரும் போன் நம்பரும் எழுதிப் போனவன் சகாயவினோத். மனைவி லீமாரோஸின் தம்பி. வேறு எவன் மேலும் சிலுவைமுத்துவுக்குச் சந்தேகம் வரவில்லை. சுரண்டுகிற இரும்போடு நடந்தான்.

சகாயவினோத் ஐஸ் கம்பெனி பக்கம் டீக்கடையில் நின்றான்.

“என்ன மச்சான், வேலைக்கு மட்டம் போட்டாச்சா? அக்காட்ட சொல்...”

இரும்பு வாயில் விழுந்தது. டீயோடு ரத்தமும் ஒரு பல்லும் சட்டையில் வழிந்தன.

“எவன்ட்டடா வித்த? எவ்வளவு குடுத்தான்?”

“என்னத்த மச்சான் வித்தேன்?”

வயிற்றில் மிதித்தான். கீழே விழுந்தவன் எழுந்திருக்க வலது கையை ஊன்றினான். அந்தக் கையின் மேலேயே இரும்பை இறக்கினான். எலும்பு முறிந்தது கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. மறுபடியும் இறக்கினான். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அடங்காமல், பிடித்தவன் ஒருவனின் புறங்கையைக் கடித்தான். கடைசியில் கயிற்றால் கட்டித்தான் உட்கார வைத்தார்கள்.

லீமாரோஸ் வந்து தம்பியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, புருஷனைப் பேங்குக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த அதிகாரி லாமியா விவரம் கேட்டு, புகாரைப் பதிந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“பணம் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சா? இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?”

சிலுவைமுத்து கையிலிருந்த ரத்தத்தைக் கைலியில் துடைத்தான்.

“எங்க பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் போயிருக்கு. ஒரு மணி நேரம் அங்கனயே கிடந்துருக்கு. அப்புறந்தான் ஏடிஎம்ல எடுத்துருக்கான். உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிச்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்ணே.” லாமியா அவன் போனை வாங்கிப் பார்த்தாள். “நாங்க கூப்பிட்டா 1600ல தொடங்குற நம்பர்ல இருந்துதான் வரும். இது சாதா நம்பர். அதுவும் நாங்க ஓடிபி கேக்கவே மாட்டோம்.”

“படகு நம்பர் கேட்டேன். சரியாச் சொன்னானே.”

“சொல்லாம என்ன செய்வான்?” என்றாள் லீமாரோஸ். “போன வாரம் சங்கத்துல ஒட்டுன நிவாரண லிஸ்ட்டப் போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போட்டது யாரு? பேரு, போன் நம்பர், படகு நம்பர், அம்புட்டும் இருந்துச்சுல்ல. என் தம்பியா போட்டான்?”

போட்டது சிலுவைமுத்து. நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை போனது. ஆன்சி இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போகிறாள், அப்பனோடு பேசுவதில்லை. அக்காவுக்காகச் சகாயவினோத் போலீசில் படகில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்தான். முறிந்த கையால் அவன் இனி வலை இழுக்க முடியாது. ராமநாதபுரத்தில் கம்பி வைத்த செலவு அறுபத்தெட்டாயிரம். சிலுவைமுத்து பதினோராயிரம் கொடுத்திருக்கிறான். ஐம்பத்தேழாயிரம் பாக்கி.