அத்தான் முகத்தில் மாதுளை மை

முகத்துக்குப் பூசும் ஜெல் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி, அவளுடைய அக்கா புருஷன். ஆய்வுக்கூடம் என்றால் அவள் ஒருத்திதான். ஜெலட்டினில் செய்த ஜெல், சற்று வெயில் பட்டாலே சளி மாதிரி ஒழுகியது. ரசாயனம் சேர்த்து இறுக்கலாம். ஆனால் அத்தான் டப்பாவில் ‘முழுக்க இயற்கை’ என்று கொட்டை எழுத்தில் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்.

ஐந்து வாரம் தூக்கம் கெட்டு மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மாதுளைத் தோலைக் காய்ச்சி வடிகட்டி ஊற்றினாள். அதன் துவர்ப்பு ஜெலட்டினை இழுத்துப் பிடித்துக் கட்டியது. கிண்ணத்தைக் கவிழ்த்தாள், விழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள்.

மறுநாள் காலை, சரக்கு வாங்கும் நிறுவனத்து அதிகாரியம்மா வருவதாக இருந்தது. அவர் வருவதற்குச் சற்று முன் அத்தான் கிண்ணத்துக்குள் விரலை விட்டார்.

“சோதனை இன்னும் முடியல அத்தான். என் கையில மட்டும்தான் போட்டுப் பார்த்தேன்.”

“என் மூஞ்சியை என்ன மியூசியத்துலயா வைக்கப் போறாங்க?” என்று அப்பிக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து, கொல்லைப்புறத்துத் துருப்பிடித்த குழாயில் கழுவிவிட்டு வந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை கருநீல மை! துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மையாகும் என்று அவள் படித்ததுதான். ஆய்வுக்கூடத்தின் சுத்தமான தண்ணீரில் கையைக் கழுவியதால் மறந்து தொலைத்திருந்தாள்.

சோப்பு போட்டும் போகவில்லை. வாசலில் கார் நின்றது.

“நான் பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கறேன்.”

“உங்க தொப்பைக்கு பீரோ பத்தாது. உக்காருங்க.”

அதிகாரியம்மாவிடம் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தானின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “மெத்துன்னுதான் இருக்கு. கலரைச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க.”

சாயங்காலம் அக்கா போனில் கத்தினாள். “என்னடி பூசின இந்த மனுசனுக்கு? எலுமிச்சம்பழம் தேய்ச்சேன், கொஞ்சம் போகுது. எரியுதுன்னு குதிக்கிறாரு.”

“போகுதா? நெஜமாவா அக்கா?”

“புருஷன் எரியுதுன்றாரு, நீ கறையைக் கேக்குற!”

மறுநாள் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக ஜெல்லில் சேர்த்தாள். கூடினால் ஜெல் நெகிழ்ந்தது, குறைந்தால் குழாய்த் தண்ணீர் பட்டதும் கறுத்தது. பதினோராவது கிண்ணத்தில் அளவு பிடிபட்டது. தன் கையில் மூன்று வாரம் பூசி, அதே குழாயில் கழுவினாள். கறையும் இல்லை, எரிச்சலும் இல்லை.

அதிகாரியம்மா திரும்பி வந்து தானே பூசிப் பார்த்து, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். வழியனுப்பிவிட்டு அத்தான் உள்ளே வந்தபோது, அவள் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“தூங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.