ராசியான இடம்

வாரம் முழுக்க ஊரார் கழிப்பறைகளில் முட்டி தேய்கிற பிளம்பர், ஞாயிற்றுக்கிழமை மைத்துனனோடு அரங்கத்துக்குக் கால்பந்து பார்க்கப் போனார். நடுவில் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அவர்கள் அணி கோல் போட்டிருந்தது. அவர் வந்து உட்கார்ந்ததுமே எதிரணி ஒன்று போட்டது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மறுபடி அங்கேயே போயிடுங்க," என்றான் மைத்துனன்.

"போகலைன்னா?"

வரிசை மொத்தமும் எழுந்து, மரியாதையாக அவருக்கு வழி விட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு போனவர், கழிப்பறையில் ஒழுகிய குழாயை முறைத்தபடி நின்றார். சுவருக்கு அப்பால் அரங்கமே அதிர்ந்தது.

கடைசியில் மைத்துனன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஜெயிச்சிட்டோம் மாமா. ஃபைனலுக்கும் நீங்க கண்டிப்பா வரணும்."

"வரேன்," என்றார் அவர். "ஸ்பேனரையும் எடுத்துட்டே வரேன். சும்மா நிக்க முடியலை."