சவரம் செய்த படம்

எங்கள் விளையாட்டுத் தகவல் தளத்துக்கு வரும் உரிமைப் புகார்களைப் பிரிப்பது நான். தீர்ப்புச் சொல்வது ஆசிரியர். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நீதிபதி. பெரிய கிளப்பின் வக்கீல் ஒரு வரி எழுதினால் ஐந்து நிமிடத்தில் படம் காணாமல் போகும். தனி ஆள் எழுதினால், ‘உங்கள் படம் என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்று பதில் போகும். அந்த ஆதாரத்தை ஒழித்துக்கட்டியதே நாங்கள்தான். படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர் இருந்தால் அதை வெட்டிவிட்டு, எங்கள் சின்னத்தைக் குத்திவிடுவோம். இந்தத் திருப்பணிக்கு அலுவலகத்தில் ‘சவரம்’ என்று பெயர்.

அன்று காலை நீதிபதி கொதித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு சிறுவர் நீச்சல் குழு எங்கள் வளையச் சின்னத்தைப் போலவே தன் சின்னத்திலும் ஒரு வளையம் போட்டுக்கொண்டதாம்.

“அடுத்தவன் உழைப்பத் திருட வெக்கமா இல்லையான்னு எழுது!”

எழுதினேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எருமைத் தோல்.

அடுத்த புகார் என் அக்காவுடையது. தடகளச் சங்கத்தில் புகைப்படக்காரர் வேலைக்கு, தான் எடுத்த உயரம் தாண்டும் படத்தைக் கொடுத்திருக்கிறாள். அதே படத்தை எங்கள் சின்னத்தோடு பார்த்த தேர்வுக் குழு அவளைத் திருடி என்றுவிட்டது. மாலை நான்கு மணிக்குள் நிரூபிக்காவிட்டால் வேலை இல்லை. படத்தை நீக்க வேண்டாம், அது தன்னுடையது என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று கேட்டிருந்தாள்.

“கடிதமா? திருடினோம்னு நாமளே எழுதிக் குடுக்கிறதா?” என்றார் நீதிபதி. “படத்தத் தூக்கிடு. உரிமையாளர் யாருன்னு உறுதியாகலன்னு பதில் போடு.”

“சார், அப்படிப் போட்டா அவங்க வேலையே போயிடும்.”

“அதுக்கு நான் என்னப்பா பண்றது?”

நான் தயங்கவே, அவரே நீக்கினார். அவரே பதிலும் அனுப்பினார். பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போலக் காபி குடிக்கப் போனார்.

அந்தப் படத்தை இங்கே வெட்டிய புண்ணியவான் யார் என்று பதிவேட்டைத் திறந்தேன். என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே வெட்டாத மூலப் படம், அதன் ஓரத்தில் அக்காவின் பெயர். ஓரத்தில் இருப்பது யார் பெயர் என்று படித்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கூடப் பிறந்தவள் பெயரைக்கூட நான் படிக்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அக்காவின் பெயரை எந்தத் தேதியில் எந்தக் கையால் வெட்டினேன் என்று என் பெயரிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, பதிவேட்டின் நகலோடு தேர்வுக் குழுவுக்கு அனுப்பினேன். மணி மூன்றரை.

ஐந்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

“வேலை கெடச்சிடுச்சு. உன் லெட்டர எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சாங்க.”

“அக்கா, மன்னிச்சிடு. உன் படம்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு தெரியும்டா” என்றாள். “வேற யாரோடதோன்னு நெனச்சுத்தானே வெட்டின?”