நாரையின் வெற்றுக் குமிழிகள்

ஒரு படகில் ஒரு நாரையும் ஒரு நீர்நாயும் குடியிருந்தன. நாரைக்கு எல்லாவற்றிலும் அவசரம். நீர்நாய்க்கு எதிலும் நிதானம். பிரஸ்ஸல்ஸ் குழந்தைகள் இவ்விரண்டின் சச்சரவைச் சித்திரக்கதைகளில் படித்தே வளர்ந்தார்கள். படங்களை வரைந்தவர் ஓடில். குமிழிகளுக்குள் பேச்சை எழுதியவர் கிஸ்லேன்.

ஒருநாள் வானொலிப் பேட்டியில், "எழுத்தை எடுத்துட்டாலும் என் படம் தனியா நிக்கும்" என்று ஓடில் சிரித்தபடி சொல்லிவிட்டார். கிஸ்லேன் சண்டைக்கு வரவில்லை. அடுத்த கதையை அனுப்பவில்லை, அவ்வளவுதான். தொலைபேசியையும் எடுக்கவில்லை, கடிதங்களுக்கும் பதில் இல்லை.

கால்வாய்க்கரை வீட்டில் ஓடில் தனியே வரைந்தார். நாரையின் வசனத்தைத் தொலைபேசியில் உரக்கப் படித்துப் பார்ப்பது பழைய வழக்கம். மறுமுனையில் கிஸ்லேன் சிரித்தால் வைத்துக்கொள்வார்கள், சிரிக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார்கள். இப்போதும் உரக்கப் படித்தார். எது நகைச்சுவை, எது இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

ஊர் கேட்கச் சொன்னதை ஊர் பார்க்கவே திரும்பப் பெற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே புதிய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாரையைக் கரையில் நிறுத்தி, படகிலிருக்கும் நீர்நாயிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். பல்லாயிரம் பேர் படிக்கப்போகும் அந்தப் பக்கம் ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டது.

அச்சகத்தில் எழுத்துக்கென்று தனிக் கறுப்புத் தகடு உண்டு. அதை மட்டும் மாற்றினால் அதே படங்கள் வேற்றுமொழியிலும் பேசும். கடைசிப் பக்கத்திற்கான தகட்டை மாட்ட மறந்துவிட்டார்கள். புத்தகம் வந்தபோது நாரை அலகைத் திறந்து நின்றது. குமிழிகள் வெறுமையாக இருந்தன.

ஓடில் பதறிப்போய்ப் பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பதறாதீங்க மதாம். கொல்சோன் என்ன எழுதியிருக்கார்னு பாத்தீங்களா?"

கொல்சோன் பெயர்பெற்ற சித்திரக்கதை விமர்சகர். 'சொற்களே வேண்டாம் என்று ஓடில் நிரூபித்துவிட்டார். இந்த மௌனப் பக்கம் அவருடைய வாழ்நாளின் உச்சம்' என்பது அவருடைய தீர்ப்பு.

"அடுத்த பதிப்பும் இப்படியே வரட்டும். பிழைன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

ஓடில் தொலைபேசியை வைத்துவிட்டார். கிஸ்லேனும் அந்த விமர்சனத்தைப் படித்திருப்பார். பழைய அவமதிப்பைத் தாமே அச்சேற்றி அனுப்பியதுபோல் ஆகிவிட்டது.

சனிக்கிழமை பெர்த் அம்மையாரின் புத்தகக்கடையில் ஓடில் கையெழுத்திட அமர்ந்தார். வாங்கியவர்களுக்கு முதல் பக்கத்தில் ஓவியர் ஒரு படம் வரைந்து தருவது வழக்கம். ஓடிலோ கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் குமிழிகளை நிரப்பத் தொடங்கினார்.

"மதாம், என் நாரை எங்க?" என்றார் வரிசையில் முதலில் நின்ற தடித்த மனிதர்.

"புத்தகம் பூரா நாரைதான். இல்லாததைப் போட்டுத் தரேன்."

"கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்து மழையில நின்னேன். உங்க எழுத்துப் பயிற்சியப் பாக்கவா?"

"எழுத்து கோணலா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தபடி விலகினார்கள். பிறகு கொல்சோன் வந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என் பிரதிய மட்டும் விட்டுடுங்க மதாம். அந்த மௌனத்தைக் கெடுத்துடாதீங்க."

"அது மௌனம் இல்லைங்க. தகடு மாட்ட மறந்துட்டாங்க."

விமர்சகரின் காதுகள் சிவந்தன. "அப்போ நான் எழுதினது?"

"அருமையா எழுதியிருந்தீங்க. பாராட்டு அச்சகத்துக்குப் போய்ச் சேரணும்." ஓடில் பேனாவைத் தாழ்த்தினார். "திருத்தம் போடுவீங்களா?"

"அது... பத்திரிகை ஆசிரியர்கிட்ட கேக்கணும்" என்று புத்தகத்தைத் திறக்காமலே அவர் போய்விட்டார்.

கடை காலியானது. ஓடில் ஒரு பிரதியைத் தாமே வாங்கினார். "நீ இல்லாம நான் வாயைத் தொறந்தா வெறும் காத்துதான் வருது. அன்னைக்குச் சொன்னது பொய்" என்று நாரையின் குமிழியில் எழுதினார். அவர் நிரப்பித் தந்த மற்ற பிரதிகளில் நீர்நாய், "சரி, உள்ள வா, சூப் ஆறுது" என்று சொல்லும். இந்தப் பிரதியில் அதன் குமிழியைத் தொடவில்லை. அந்தப் பதிலை எழுதும் உரிமை தமக்கில்லை என்று நினைத்தார்.

"கிஸ்லேன் வந்தா குடுங்க" என்றார்.

"அவர் வந்தாதானே, ஓடில்!" என்றார் பெர்த்.

அடுத்த வாரம் ஓடில் போனபோது அந்தப் பிரதி அங்கே இல்லை.

"வந்தாரு. அங்க சன்னலோரம் நின்னு படிச்சாரு. ரொம்ப நேரம்."

"ஏதாவது சொன்னாரா?"

"பேனா கேட்டாரு. குடுத்தேன். மூடியத் தொறந்தாரு, கொஞ்சம் யோசிச்சாரு, மறுபடி மூடிக் குடுத்துட்டாரு."

ஓடில் தலையாட்டிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார்.

"ஆனா புத்தகத்த விட்டுட்டுப் போகலை" என்றார் பெர்த். "நனையக் கூடாதுன்னு கோட்டுக்குள்ள வச்சுப் பொத்தானையும் போட்டுக்கிட்டாரு."

அன்று மாலை ஓடில் புதிய தாளில் படகை வரைந்தார். நீர்நாயின் தலைக்குமேல் ஒரு குமிழியை, வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே, வெறுமையாக விட்டுவைத்தார்.